சிரிக்கவைக்கக் கற்ற இடங்கள்

ஸ்டாண்ட்-அப் காமெடி என்பது ஒரே ஆள், ஒரு மைக், எதிரே முன்பின் தெரியாத கூட்டம், இவ்வளவுதான். வேடம் கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது, வசனம் எடுத்துக்கொடுக்கத் துணைக்கு ஒரு நடிகர்கூடக் கிடையாது. பாட்டோ நடனமோ பயில்கிறவர் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் செய்யலாம்; தப்பினால் அவருக்கே தெரிந்துவிடும். ஜோக்குக்கு அந்த வசதி இல்லை. அது ஜோக்தானா என்பதைப் பிறர் சிரித்தால்தான் சொல்ல முடியும். ஆகவே கற்றுக்குட்டியின் பாடமும் காசு கொடுத்து வந்தவர்கள் முன்னிலையில்தான் நடந்தாக வேண்டும். இந்தக் கலை உருவான அமெரிக்காவில் இதற்கென்று பள்ளிக்கூடம் எதுவும் நெடுங்காலம் இருந்ததில்லை. புதியவர்கள் மொக்கை வாங்கிப் பழக எந்த இடம் கிடைத்தது, அந்த இடத்தின் முதலாளி எதை விற்றுப் பிழைத்தார் என்பவையே ஒவ்வொரு காலத்திலும் இந்தக் கலையின் போக்கைத் தீர்மானித்தன.

முதல் இடம் வாடெவில் அரங்குகள். பாட்டு, நடனம், குட்டி நாடகம், மந்திர வித்தை, பழக்கிய நாய்கள் என்று பலவற்றை ஒரே மாலையில் கோத்துத் தரும் கதம்ப நிகழ்ச்சிக்கு அந்தப் பெயர். மதுக்கடைகளை ஒட்டி நடந்துவந்த கேளிக்கையைக் குடும்பத்தோடு வந்து பார்க்கக்கூடியதாக மாற்றி, நியூயார்க்கின் 14-ஆம் தெருவில் டோனி பாஸ்டர் 1881-ல் அரங்கு நடத்தத் தொடங்கினார். பாஸ்டனில் 1883-ல் தொழிலில் இறங்கிய பி.எஃப். கீத், தன் கூட்டாளி எட்வர்ட் ஆல்பியோடு சேர்ந்து ஊர் ஊராக அரங்குகளைப் பிடித்து ஒரு பெரும் வலைப்பின்னலையே உருவாக்கினார். இந்த அரங்குகளில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்ததற்கு மேடைச் சாமான்களை மாற்றும்வரை கூட்டத்தைச் சும்மா உட்காரவைக்க முடியாது. திரையை இறக்கிவிட்டு, திரைக்கும் மேடை விளிம்புக்கும் இடையில் மிஞ்சிய சில அடி அகலத்தில் யாராவது ஒருவரை நிறுத்த வேண்டியிருந்தது. பின்னால் ஆணி அடிக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருக்க, முன்னால் நின்று பேசியே சமாளித்த அந்த ஆட்கள்தான் ஸ்டாண்ட்-அப் கலைஞர்களின் முன்னோர்.

அவர்களில் பலர் பேச வந்தவர்களே அல்லர். வில் ராஜர்ஸ் கயிற்றுச் சுருக்கு வீசி வித்தை காட்ட வந்தவர். வீச்சு தவறும்போது எதையாவது சொல்லிச் சமாளிக்கப்போய், கூட்டம் கயிற்றைவிடப் பேச்சுக்கு அதிகம் சிரிப்பதைக் கண்டுகொண்டார். பந்து வித்தைக்காரராகத் தொடங்கிய ஃப்ரெட் ஆலன், பந்தைத் தவறவிடும் பழக்கத்தையே மூலதனமாக்கி, உலகிலேயே மோசமான வித்தைக்காரன் என்று தன்னைத் தானே விளம்பரப்படுத்திக்கொண்டார். பின்னாளில் அமெரிக்க வானொலியின் மிகக் கூர்மையான நகைச்சுவையாளர்களில் ஒருவராக எண்ணப்பட்டவரும் அவரேதான்.

கீத்-ஆல்பி அரங்குகளில் கற்றுக்கொடுக்கும் வேலையை மேலாளரின் அறிக்கை செய்தது. ஒரு நிகழ்ச்சி ஊருக்கு வந்ததும் உள்ளூர் மேலாளர் முதல் காட்சியை உட்கார்ந்து பார்ப்பார். எத்தனை நிமிடம் ஓடியது, எந்தத் திரைக்கு முன்னால் நடந்தது, கைதட்டல் எப்படி, எந்த வரியை வெட்டச் சொன்னார் என்பதெல்லாம் தலைமையகத்துக்குப் போகும். இத்தகைய அறிக்கைப் புத்தகங்கள் அயோவா பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. அவற்றில் கருணை என்பதே கிடையாது. பெரிய பெயரெடுத்தவரைப் பற்றியும் இரண்டே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். ஆபாசமோ தெய்வ நிந்தனையோ காதில் விழுந்தால் உடனே கத்தரிக்கோல். கட்டுப்பாடு எரிச்சலூட்டினாலும் அதில் ஒரு பயிற்சியும் இருந்தது. கெட்ட வார்த்தை சொல்லிச் சிரிப்பு வாங்கும் குறுக்கு வழி அடைபட்டதால், ஜோக்கைச் செதுக்கியே தீர வேண்டியிருந்தது.

செதுக்க நேரமும் தாராளமாகக் கிடைத்தது. நாடு முழுவதும் அரங்குகள் பரவியிருந்ததால் ஓர் ஊருக்குத் திரும்பி வர நெடுங்காலம் ஆகும். பத்துப் பன்னிரண்டு நிமிடச் சரக்கு ஒன்று கையில் இருந்தால் வருடக்கணக்கில் காலம் தள்ளலாம். ஒரே வரியை ஒரு நாளில் இரண்டு மூன்று முறை, வருடத்தில் நூற்றுக்கணக்கான முறை சொல்லும்போது, எந்தச் சொல்லுக்கு முன் மூச்சுவிட வேண்டும், எந்தச் சொல்லோடு வாயை மூட வேண்டும் என்பது உடம்பிலேயே ஏறிவிடும். அந்தச் சரக்கு சொந்தமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஜேம்ஸ் மேடிசன் என்பவர் 1898 முதல் வெளியிட்டுவந்த ‘மேடிசன்ஸ் பட்ஜெட்’ என்ற ஜோக் தொகுப்பை வாங்கி அதிலிருந்து எடுத்துப் பேசியவர்கள் ஏராளம். அடுத்தவர் ஜோக்கைத் திருடுவதும் சாதாரணம். மில்டன் பெர்ல் தன் திருட்டுப் பட்டத்தையே மேடையில் ஜோக்காக்கினார்.

நியூயார்க்கின் பேலஸ் அரங்கு 1913-ல் திறந்தபின் அங்கே மேடையேறுவதுதான் தொழிலின் உச்சம் என்றானது. 1920-களின் நடுவில் அங்கே தொகுப்பாளராக நின்ற ஃப்ராங்க் ஃபே, கோமாளி உடையோ ஒப்பனையோ கைப்பொருளோ இல்லாமல், நல்ல கோட்டு சூட்டோடு வந்து நின்று பேசினார். உடன் நடித்தவர்களிடம் நல்ல பெயர் எடுத்த மனிதர் அல்லர். ஆனால் பாப் ஹோப்பும் ஜாக் பென்னியும் அவர் நிற்பதையும் காத்திருப்பதையும் பார்த்தே பாடம் படித்தார்கள். ஓரத்தில் நின்று மூத்தவரைக் கவனிப்பது என்ற ஒரே கல்விமுறை இந்தத் தொழிலில் அப்போதிருந்து நிலைத்துவிட்டது.

கருப்பினக் கலைஞர்களுக்குப் பாதை வேறு. வெள்ளையர் அரங்குகள் பெரும்பாலும் மூடியே கிடந்ததால், டோபா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அரங்கு உரிமையாளர் சங்கத்தின் வழியே அவர்கள் தெற்கிலும் மத்திய மேற்கிலும் சுற்றினார்கள். கூலியும் குறைவு, தங்க இடமும் அரிது. மாம்ஸ் மேப்லி இந்தச் சுற்றில் பழுத்தவர். இளவயதிலேயே கிழவி வேடத்தைப் பிடித்துக்கொண்டார்: தொளதொளத்த வீட்டு உடை, தொப்பி, பின்னாளில் பொக்கை வாய். ஓர் இளம்பெண் பேசினால் அடி விழக்கூடிய விஷயங்களைப் பாட்டி பேசினால் சிரித்துக்கொண்டே கேட்பார்கள் என்ற கணக்கு அதில் இருந்தது. பல பத்தாண்டுகள் கருப்பின மக்களின் அரங்குகளை அதிரவைத்தவரைக் கார்னகி அரங்கின் மேடை 1962-ல்தான் கண்டது. ஹார்லெமின் அப்போலோ அரங்கில் 1934-ல் தொடங்கிய அமெச்சூர் இரவு இன்னொரு சோதனைச் சாலை. மேடையேறுமுன் அதிர்ஷ்டத்துக்காக ஒரு பழைய மரத்துண்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். பிடிக்காவிட்டால் கூட்டம் ஊளையிடும். ‘சேண்ட்மேன்’ சிம்ஸ் என்ற நடனக்காரர் கோமாளிக் கோலத்தில் வந்து ஆளை மேடையிலிருந்து விரட்டுவார். கூட்டத்தின் தீர்ப்பை இவ்வளவு வெளிப்படையாக நிறைவேற்றிய அரங்கு வேறு அதிகமில்லை.

வானொலியும் பேசும் படமும் வாடெவிலைக் கொன்றன. பேலஸ் அரங்கே 1932-ல் சினிமாவுக்கு மாறியது. வானொலிக்குப் போன நகைச்சுவையாளர்கள் ஓர் அதிர்ச்சியைச் சந்தித்தார்கள்: வருடக்கணக்கில் உழைத்த பன்னிரண்டு நிமிடம் ஒரே இரவில் தீர்ந்துபோனது. நாடே கேட்டுவிட்ட ஜோக்கை அடுத்த வாரம் சொல்ல முடியாது. எழுதிக்கொடுக்க ஆட்களை அமர்த்தும் வழக்கம் இதனால் பெருகியது. புதியவர்களுக்கோ ஏறி நிற்க மேடையே இல்லாமல் போனது.

அந்த இடைவெளியை நிரப்பியது எதிர்பாராத ஓரிடம். நியூயார்க் நகருக்கு வடமேற்கே சுமார் 90 மைல் தொலைவில் கேட்ஸ்கில் மலைப்பகுதி இருக்கிறது. யூதர்களுக்கு இடமில்லை என்று பல விடுதிகள் சொல்லிவந்த காலத்தில், யூதர்கள் நடத்திய கோடை விடுதிகள் அங்கே நூற்றுக்கணக்கில் முளைத்தன. கிராசிங்கர்ஸ், கான்கார்ட், குட்ஷர்ஸ் ஆகியவை அவற்றில் பெரியவை. பீட்ரூட் சூப்பின் பெயரால் இந்த வட்டாரத்தையே போர்ஷ்ட் பெல்ட் என்று பத்திரிகைகள் எழுதின. சாப்பாடும் கேளிக்கையும் சேர்த்தே கட்டணம். மழை பெய்தால் விருந்தினர் அறையைக் காலி செய்துகொண்டு கிளம்பிவிடுவார்களோ என்பது முதலாளியின் தீராக் கவலை. அதற்காகவே டம்லர் என்றொரு வேலை இருந்தது: நாள் முழுக்க ஏதாவது ரகளை செய்து யாரும் சலிப்படையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் நீச்சல் குளத்தருகே கூத்து, சாப்பாட்டு நேரத்தில் மேசை மேசையாகப் போய்க் கிண்டல், மாலையில் விளையாட்டுப் போட்டி, இரவில் மேடைத் தொகுப்பு.

பதின்ம வயதில் இந்த வேலைக்குப் போன மெல் புரூக்ஸ், கறுப்பு ஓவர்கோட்டும் தொப்பியும் அணிந்து, கல் நிரப்பிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு குதிபலகையில் ஏறி, வியாபாரம் நொடித்துவிட்டது, இனி வாழ விருப்பமில்லை என்று கத்திவிட்டுக் குளத்தில் விழுவாராம். இதைப் பிற்காலத்தில் பேட்டிகளில் அவர் சலிக்காமல் சொல்லிவந்தார். டேனி கேயும் இதே வட்டாரத்தில் தேறியவர். டம்லர் வேலையில் கற்றது ஜோக் அல்ல, ஆட்களைப் படிக்கும் திறன். காலையில் குளத்தருகே முறைத்தவர் இரவில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரைச் சிரிக்கவைக்காமல் தப்ப முடியாது. அடுத்தடுத்த தலைமுறையினர் ஒரே இரவில் இரண்டு மூன்று விடுதிகளுக்குக் காரில் ஓடி ஓடிப் பேசினார்கள். ஜோக்குகள் சரசரவென்று வந்து விழும் வேகம், மாமியாரையும் மனைவியையும் சாப்பாட்டையும் சுற்றிவரும் விஷயங்கள், இத்திஷ் மொழியின் இழுவை ஆகியவை அமெரிக்க நகைச்சுவையின் பொதுக் குரலாகவே ஆனது இந்த மலைவிடுதிகளின் விளைவு. குளிர்சாதனமும் மலிவான விமானப் பயணமும் வந்து, பிற விடுதிகளின் பாகுபாடும் குறைந்தபின் யாருக்கும் மலைக்குப் போகும் அவசியம் இல்லை. கிராசிங்கர்ஸ் 1986-லும் கான்கார்ட் 1998-லும் கதவைச் சாத்தின.

1950-களில் சான்பிரான்சிஸ்கோவின் நிலவறை விடுதிகளில் வேறொரு சுவை பிறந்தது. ‘ஹங்ரி ஐ’ என்ற இடத்தில் 1953 டிசம்பரில் மேடையேறிய மார்ட் சால், கோட்டும் டையும் இல்லாமல் கல்லூரி மாணவன் போல ஸ்வெட்டரில் வந்து, சுருட்டிய செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அரசியல் பேசினார். அந்தச் செய்தித்தாள் அவருடைய முத்திரையானது; தொடக்கத்தில் அது மறந்துபோகாதிருக்க எழுதிவைத்த குறிப்புகளை மறைக்கும் உபாயம். அன்றைய செய்தியைப் பேசுகிறவர் பழைய சரக்கை நம்ப முடியாது. யாரோ எழுதிய ஜோக்கைச் சொல்லும் ஆள் என்ற நிலை மாறி, தன் பார்வையைத் தானே சொல்லும் ஆள் என்ற எண்ணம் வேரூன்ற சால் முக்கிய காரணம்.

இருந்தாலும் எல்லோரும் அந்த வழியில் போகவில்லை. அதே ஊரின் ‘பர்ப்பிள் ஆனியன்’ விடுதியில் 1955 மார்ச்சில் முதன்முறை மேடையேறியபோது ஃபிலிஸ் டில்லருக்கு வயது 37, பிள்ளைகள் ஐவர். இரண்டு வார ஒப்பந்தம் 89 வாரங்களுக்கு நீண்டது. பெண் தனியாக நின்று ஜோக் சொல்வதே அபூர்வமாக இருந்த காலத்தில், பறட்டைத் தலையும் கொக்கரிக்கும் சிரிப்புமாக, சமைக்கத் தெரியாத இல்லத்தரசி என்ற பாத்திரத்தை அவர் உருவாக்கினார். அவர் கைவேலையின் சாட்சி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது: 48 இழுப்பறைகள் கொண்ட ஓர் இரும்பு அலமாரி, உள்ளே 52,000-க்கும் மேற்பட்ட அட்டைகள். ஓர் அட்டைக்கு ஒரு ஜோக் என்று தட்டச்சு செய்து, விஷய வாரியாக அடுக்கியிருக்கிறார். வெளியாரிடம் விலைக்கு வாங்கிய ஜோக்குகளும் அதில் உண்டு. 2003-ல் அவர் இதை நன்கொடையாகக் கொடுத்தார். பின்னர் அருங்காட்சியகம் தன்னார்வலர்களைக் கொண்டு அட்டைகளைப் படியெடுக்கச் செய்தது. அரசு அலுவலகக் கோப்பறையைப் போலத் தோன்றும் அந்த அலமாரிக்கு முன் நின்றால், மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசுவதுபோல் தெரிவதெல்லாம் எவ்வளவு குமாஸ்தா வேலை என்பது புரியும். ஜோன் ரிவர்ஸும் இதே பழக்கம் உள்ளவர். அவர் வீட்டு அட்டைப் பெட்டகங்களை 2010-ல் வந்த ஆவணப்படம் ஒன்று காட்டியது.

இந்தப் படிக்கட்டுகள் எதிலும் ஏறாமல் மேலே போனவரும் ஒருவர் உண்டு. சிகாகோவில் கணக்கராக இருந்த பாப் நியூஹார்ட், தொலைபேசியில் ஒரு பக்கம் மட்டும் கேட்கும் உரையாடலாகச் சில துண்டுகளை எழுதிவைத்திருந்தார். ஒலிப்பதிவு நிறுவனம் அதை இசைத்தட்டாக்க விரும்பியபோது அவர் இரவு விடுதி மேடையில் பேசியதே இல்லை. 1960-ல் ஹூஸ்டன் நகர விடுதி ஒன்றில் நடந்த பதிவு அவருக்கு முதல் மேடையும் ஆயிற்று. அந்த இசைத்தட்டு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. அடுத்த தலைமுறைக்கு இசைத்தட்டே ஆசானாகவும் ஆனது. ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்து, எங்கே நிறுத்துகிறார், எங்கே திக்குகிறார் என்று கேட்டுக் கேட்டுப் பாடம் செய்தவர்கள் பலர்.

1960-களில் எதைப் பேசலாம் என்பதே போராட்டமானது. டிக் கிரிகரி 1961 ஜனவரியில் சிகாகோவின் பிளேபாய் கிளப்பில் தென்மாநில வெள்ளை வியாபாரிகள் நிறைந்த கூட்டத்தின் முன் நிறவெறியைப் பற்றிப் பேசிச் சிரிக்கவைத்தார். லென்னி புரூஸ் ஆபாசக் குற்றச்சாட்டில் பலமுறை கைதானார். 1964-ல் நியூயார்க் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, 1966-ல் இறந்தார், மன்னிப்பு 2003-ல் வந்தது. ரிச்சர்ட் பிரையர் 1967-ல் லாஸ் வேகாஸ் மேடை ஒன்றிலிருந்து பாதியில் இறங்கிப் போனார். அதுவரை செய்துவந்த நாகரிகமான நகைச்சுவையைக் கைவிட்டு, பெர்க்லியில் சில காலம் இருந்து, தான் வளர்ந்த தெருவின் மொழியோடு திரும்பி வந்தார். கற்றதை மறக்கக் கற்றதும் இந்தத் தொழிலின் பயிற்சியில் ஒரு பகுதி என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஸ்டாண்ட்-அப்புக்கென்றே தனி அரங்குகள் வரத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். பட் ஃப்ரீட்மன் 1963-ல் நியூயார்க்கில் திறந்த ‘இம்ப்ரூவ்’, முதலில் நாடகக்காரர்கள் ஆட்டம் முடிந்து காபி குடிக்க வரும் இடம். சுவரின் மரப்பலகையைப் பெயர்த்தபோது உள்ளே தெரிந்த செங்கல்லை மூட அவரிடம் காசில்லை, அப்படியே விட்டுவிட்டார். இன்று உலகெங்கும் காமெடி கிளப் என்றாலே பின்னணியில் செங்கல் சுவர் வைக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் சாலையில் ‘காமெடி ஸ்டோர்’ 1972-ல் திறந்தது. அதே ஆண்டு ஜானி கார்சனின் ‘டுநைட் ஷோ’ நியூயார்க்கிலிருந்து அந்த ஊருக்கே குடிபெயர்ந்தது. கார்சன் நிகழ்ச்சியில் ஐந்தாறு நிமிடம் பேசி, அவர் கைகாட்டி சோபாவுக்கு அழைத்துவிட்டால் வாழ்க்கையே மாறிவிடும். ஃப்ரெடி பிரின்ஸுக்கு 1973 டிசம்பரில் அது நடந்தது. நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் அங்கே படையெடுத்தார்கள். கலையின் அளவுகோலே அந்த ஆறு நிமிடமாகச் சுருங்கியது. இழுத்துக் கதை சொல்லுபவரைவிட, வந்ததும் அடிக்கிறவருக்கே மதிப்பு.

சில ஆண்டுகளில் காமெடி ஸ்டோரின் உரிமை மிட்ஸி ஷோருக்கு வந்தது. திங்கட்கிழமை இரவு யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துச் சில நிமிடம் பேசலாம். அவருக்குப் பிடித்தால் வழக்கமான பட்டியலில் இடம். பேசியவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பார்வையாளரிடம் நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள், மதுவுக்கும் காசு வாங்கினார்கள், பரிமாறுகிறவர்களுக்குக் கூலி கொடுத்தார்கள். கூட்டத்தை வரவழைத்தவருக்கு மட்டும் ஒன்றுமில்லை. இது தொழிற்கூடம் அல்ல, கல்லூரி. இங்கே அவர்கள் கற்க வருகிறார்கள் என்பது ஷோரின் வாதம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. டேவிட் லெட்டர்மன், ஜே லெனோ, ராபின் வில்லியம்ஸ் போன்றவர்கள் அங்கே மேடையேறித் தேறியவர்கள்தான். பிரையர் போன்ற பெரிய ஆள் புதுச் சரக்கைச் சோதித்துப் பார்க்கவும் அங்கேதான் வந்தார். ஆனால் கிளைகள் திறந்து, அரங்குகளைப் பெருக்கிய பிறகும் அதையே சொன்னால் எடுபடுமா? 1979 மார்ச்சில் டாம் ட்ரீசன் தலைமையில் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, வாசலில் பதாகை பிடித்து நின்றார்கள். ஆறு வாரங்கள் கழித்து ஒரு முறை மேடையேற 25 டாலர் என்று ஒப்பந்தமானது. கற்றுக்கொள்பவன் மாணவனா தொழிலாளியா என்ற கேள்விக்கு அன்று விலை போட்டார்கள். வேலைநிறுத்தம் முடிந்து சில வாரங்களில், மேடை வாய்ப்பு மறுக்கப்பட்டதாக நொந்துபோயிருந்த ஸ்டீவ் லூபெட்கின் என்ற கலைஞர் தற்கொலை செய்துகொண்டதால் அந்த வெற்றியில் கசப்பும் கலந்தது.

அதே ஆண்டு மே மாதம் லண்டனில் இன்னொரு ‘காமெடி ஸ்டோர்’ திறந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் அரங்கைப் பார்த்துவிட்டு வந்த பீட்டர் ரோசன்கார்ட் என்ற காப்பீட்டு விற்பனையாளர், டான் வார்டுடன் சேர்ந்து சோஹோவில் ஆடை களையும் நடனம் நடக்கும் விடுதியில் தொடங்கினார். முதல் தொகுப்பாளர் அலெக்ஸி செயில். அங்கே ஒரு சேமக்கலம் வைத்திருந்தார்கள். பேசுபவர் சோபிக்காவிட்டால் அதை ஓங்கி அடிப்பார்கள். அத்துடன் இறங்கிவிட வேண்டும். தொழிலாளர் மன்றங்களில் புழங்கிய இனவெறி ஜோக்குகளையும் மாமியார் ஜோக்குகளையும் வேண்டாமென்று ஒதுக்கிய புதிய பிரிட்டிஷ் தலைமுறை அந்தச் சேமக்கலத்தின் நிழலில்தான் உருவானது.

1980-களில் அமெரிக்காவில் காமெடி கிளப்புகள் காளான்போல் பெருகின. அப்போதுதான் தொழிலுக்கு ஒரு தெளிவான படிநிலை அமைந்தது. தொகுப்பாளர் பத்து நிமிடம் பேசிக் கூட்டத்தைச் சூடாக்குவார். நடுவில் வருபவருக்கு அரை மணி. முக்கியக் கலைஞருக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி வரை. ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏற ஆண்டுகள் ஆகும். மேடையில் நிற்பவருக்கு மட்டும் தெரியும்படி அரங்கின் பின்சுவரில் ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டும். விளக்கை மீறிப் பேசியவருக்கு மறுபடி இடம் கிடைக்காது. ஆரம்பக்காரர்கள் ஓபன் மைக் இரவுகளில் பெயர் எழுதிக் காத்திருந்து, எதிரே பெரும்பாலும் தங்களைப் போலவே காத்திருக்கும் பிற ஆரம்பக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருக்க, மூன்று நிமிடம் பேசிவிட்டுப் போனார்கள். தன் முதல் இரவில் எல்லாம் மறந்து, பேச நினைத்த தலைப்புகளை மட்டும் வரிசையாக ஒப்பித்துவிட்டு இறங்கியதாக ஜெர்ரி சைன்ஃபெல்ட் சொல்லியிருக்கிறார்.

ஜூடி கார்ட்டரின் பாடநூல் 1989-ல் வந்ததும், வகுப்புகள் பல ஊர்களில் தொடங்கியதும் இந்தப் பெருக்கத்தின் விளைவே. ஜோக்கைப் பீடிகை, வெடி என்று இரண்டாகப் பிரிப்பது, பீடிகையில் தேவையற்ற ஒரு சொல்கூட இல்லாமல் பார்ப்பது, வெடிக்கும் சொல்லைக் கடைசியில் வைப்பது, சிரிப்பு அடங்குமுன் அடுத்த வால்வரியைச் சேர்ப்பது, முதலில் சொன்ன ஒன்றை இருபது நிமிடம் கழித்து நினைவூட்டிச் சிரிக்கவைப்பது போன்றவற்றை வகுப்பில் சொல்லித்தரலாம். கூட்டம் சிரிக்காத அந்த நான்கு நொடியில் முகத்தை என்ன செய்வது என்பதைச் சொல்லித்தர முடியாது. ஸ்டீவ் மார்ட்டின் தன் வரலாற்றில் 18 ஆண்டுகளைக் கணக்கிடுகிறார்: பத்து ஆண்டு கற்க, நான்கு ஆண்டு மெருகேற்ற, நான்கு ஆண்டு புகழில் திளைக்க. பிறகு 1981-ல் மேடையை விட்டுவிட்டார்.

பெருக்கம் 1990-களின் தொடக்கத்தில் வீங்கி வெடித்தது. கேபிள் தொலைக்காட்சி இலவசமாகவே இரவெல்லாம் ஜோக் காட்டும்போது டிக்கெட் வாங்க யார் வருவார்? தப்பிப் பிழைத்தவர்கள் ஜார்ஜ் கார்லினின் வழியைப் பின்பற்றினார்கள். 1977 முதல் 2008 வரை எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்கு அவர் 14 சிறப்பு நிகழ்ச்சிகள் செய்தார். ஒன்று முடிந்ததும் அந்தச் சரக்கைத் தூக்கி எறிந்துவிட்டு வெறுங்கையோடு சிறு அரங்குக்குத் திரும்புவார். உலகப் புகழுக்குப் பின் சைன்ஃபெல்டும் பழைய ஜோக்குகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்கினார். காகிதத்தைப் பார்த்து, தடுமாறி, மேடையில் சொல் வராமல் நிற்கும் அவரை 2002-ல் வெளியான ‘காமெடியன்’ ஆவணப்படத்தில் காணலாம்.

இந்தியாவுக்கு இந்தக் கிளப் முறை நேரடியாக லண்டனிலிருந்தே வந்தது. ‘காமெடி ஸ்டோர்’ 2010-ல் மும்பை லோயர் பரேலில் கிளை திறந்து, பிரிட்டிஷ் கலைஞர்களை அழைத்துவந்தது; உள்ளூர் இளைஞர்கள் அவர்களோடு மேடையைப் பகிர்ந்து நேரக் கட்டுப்பாட்டைக் கற்றார்கள். சென்னையில் 2003-ல் நாடகக் குழுவாகத் தொடங்கிய ‘எவம்’ பின்னாளில் ஸ்டாண்ட்-அப் மேடைகளையும் அமைத்தது. ஆனால் தமிழில் கற்றவர்களுக்கு வேறு மடைகளும் இருந்தன: பட்டிமன்றம், கல்லூரி விழா மிமிக்ரி, 2005-ல் விஜய் டிவியில் தொடங்கிய ‘கலக்கப்போவது யாரு’ போட்டி. அலெக்சாண்டர் பாபுவின் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ 2019-ல் அமேசான் பிரைமில் வந்தபோது, அது பாதி ஸ்டாண்ட்-அப், பாதி கச்சேரி. நேராக ஐந்து நிமிடப் பள்ளியில் மட்டும் படித்தவரிடம் அப்படியொன்று வந்திருக்காது.

கைபேசிக் கேமரா வந்தபின் எங்கே தோற்றுப் பழகுவது என்பதே சிக்கலாகிவிட்டது. அரைகுறையாகச் சோதிக்கும் ஜோக் அன்றிரவே ஊருக்குப் பரவலாம். 2014-ல் தொடங்கிய யாண்டர் நிறுவனத்தின் பூட்டும் பைகளில் கைபேசிகளைப் போட்டுவிட்டு உள்ளே வரச் சொல்கிறார்கள் டேவ் ஷப்பல் போன்றவர்கள். பெயர் வாங்காதவர்களுக்கு அந்த ஆடம்பரம் இல்லை. துண்டுக் காணொளி போட்டால்தான் டிக்கெட் விற்கும், போட்டால் அந்த ஜோக் செத்துவிடும். ஆகவே எழுதிய சரக்கைப் பதுக்கிவைத்துக்கொண்டு, முன்வரிசையில் இருப்பவரிடம் ஊர் எது, வேலை என்ன என்று பேச்சுக்கொடுத்துச் சிரிக்கவைக்கும் காட்சிகளை மட்டும் வெளியிடுகிறார்கள். முன்பு தொகுப்பாளர்கள் பல ஆண்டு நின்று பழகிய அந்தத் திறமையை இப்போது ஜோக் எழுதக் கற்குமுன்பே பலர் கற்றுக்கொள்கிறார்கள். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் ரசிகர்களும், தங்களிடம் ஏன் எதுவும் கேட்கவில்லை என்ற குறையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.